சவரன் கணக்கில் வராதது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற செவ்வாய்க்கிழமை மாவட்டச் செய்திப் பக்கத்தில், வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண்ணிடம் 7 சவரன் சங்கிலியைப் பறித்த இருவரைத் தனிப்படை பிடித்ததாக வெளியிட்டிருந்தீர்கள். எத்தனை சவரன், என்ன வண்டி, எந்தக் கேமராவில் சிக்கினார்கள் என்பதெல்லாம் இருந்தது. அந்தப் பெண்ணைப் பற்றி வயதும் தெருவும் மட்டும். சங்கிலி கிடைத்துவிட்டால் விஷயம் முடிந்தது என்று நினைப்பவர்களுக்காக எங்கள் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன்.

2021 மார்கழி. விடிய நேரமிருந்தது. என் மனைவி 21 புள்ளி வைத்துக் கோலம் இழுத்துக்கொண்டிருந்தாள். நான் அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். பைக் நிற்கும் சத்தம் கேட்டது. பேப்பர் போடும் பையன் என்று நினைத்தேன். அடுத்துக் கேட்டது அலறல்கூட இல்லை, கோலமாவு டப்பா உருண்ட சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் குப்புறக் கிடக்கிறாள். 5 சவரன் தாலிச் சங்கிலி பின்கழுத்தை அறுத்துக்கொண்டு போயிருந்தது. நான்கு தையல். மருத்துவச் சான்றிதழில் 'சாதாரணக் காயம்' என்று எழுதினார்கள். சட்டப்படி அது சரிதான். எலும்பு முறியவில்லை, பல் போகவில்லை.

தையலைப் பத்தே நாளில் பிரித்தாயிற்று. கோலம் மட்டும் அன்றே கேட்டுக்கு உள்ளே வந்துவிட்டது. வெயில் வந்த பிறகு, சுவருக்கு முதுகைக் கொடுத்து, தெருவைப் பார்த்தபடி மூன்று புள்ளியில் ஏதோ போடுகிறாள். பைக் சத்தம் கேட்டால் கை தானாகக் கழுத்துக்குப் போகிறது. தொலைக்காட்சியில் கேட்டாலும் அப்படித்தான். முப்பது வருடம் தவறாமல் திருப்பாவைக்குக் கோயிலுக்குப் போனவள், அதோடு நிறுத்திவிட்டாள். பார்க்க வந்த உறவினர்கள் ஒருவர் விடாமல் கேட்டது, "இருட்டில் நகையோடு ஏன் நின்றாய்?" என்பதுதான். வெறுங்கழுத்தோடு நின்றிருந்தாலும் இதே ஆட்கள் வேறு கேள்வி வைத்திருப்பார்கள்.

பிறகு அடையாள அணிவகுப்பு. அது கொரோனா காலம், பறிப்பவனுக்கும் மாஸ்க் வசதியாகப் போயிற்று. மாஸ்க்குக்கு மேலே இரண்டு கண்களை மட்டுமே பார்த்திருந்தாள். கிளைச் சிறையில் நடுவர் முன்னிலையில் வரிசையாக நின்றவர்களின் கண்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது. சரியான ஆளைத்தான் காட்டினாள். வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஜுரத்தில் கிடந்தாள். அப்புறம் வாய்தாக்கள். ஒரு வாய்தாவின்போது நீதிமன்றத் தாழ்வாரத்தில் எங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், "எத்தனை மணிக்குக் கூப்பிடுவார்கள்?" என்று என் மனைவியிடம் கேட்டார். சங்கிலியைப் பறித்த பையனின் தாயார் அவர் என்பது பிறகுதான் தெரிந்தது. இருவரும் ஒரே பெஞ்சில் மதியம் வரை இருந்தார்கள்.

நகை திரும்பக் கிடைத்தது, உருக்கிய கட்டியாக. 31 கிராம். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதில் தாலி எது?" என்று கேட்டாள். நான் என்ன சொல்வது? கட்டி வங்கி லாக்கரில் இருக்கிறது. கழுத்தில் மஞ்சள் கயிறுதான்.

தூக்கம் வரவில்லை என்று வருடக்கணக்கில் மாத்திரை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அரசு மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மருத்துவர் இருக்கிறார் என்று ஒரு செவிலியர் சொல்லித்தான் போனோம். மருத்துவர் மாத்திரையைப் பற்றிக் கேட்கவில்லை. "ராத்திரி எத்தனை முறை எழுந்து கதவைப் பார்க்கிறீர்கள் அம்மா?" என்று கேட்டார். "நாலு முறை" என்றாள். பக்கத்திலேயே படுத்திருக்கும் எனக்கு அன்றுதான் தெரியும்.

இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு 2018இல் பாதிக்கப்பட்ட பெண்களுக்கான இழப்பீட்டுத் திட்டம் ஒன்றை வகுத்தது. பாலியல் குற்றங்களோடு பிற குற்றங்களுக்கும் உரியது அது. மறுவாழ்வுச் சிகிச்சை தேவைப்படும் மனக்காயத்துக்கு 1 லட்சம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை என்று அதன் அட்டவணையிலேயே இருக்கிறது. மனு கொடுக்க வேண்டிய இடம் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு. பெரும்பாலும் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். எத்தனை வாய்தாவுக்கு அந்த வளாகத்துக்குப் போயிருப்போம்! எங்களுக்குக் கிடைத்திருக்குமோ என்னவோ, கேட்டுப் பார்க்கலாம் என்று சொல்லக்கூட ஆளில்லை. காவல்துறையினர் தந்த துண்டறிக்கையில் இருந்தது, நகை அணிந்து தனியே செல்ல வேண்டாம் என்ற அறிவுரை.

2024 ஜூலை முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் நடப்பில் உள்ளன. பறிப்பு தனிக் குற்றமாகி, மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பாதிக்கப்பட்டவருக்கு 90 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்றும் இருக்கிறது. நல்லதுதான். அந்தத் தகவலோடு இழப்பீட்டு மனுப் படிவம் ஒன்றையும், மனநல உதவிக்கான 14416 என்ற டெலி மானஸ் எண்ணையும் சேர்த்துக் கொடுத்தால் காவல் நிலையத்துக்கு ஒரு தாள்தான் கூடுதல் செலவு. உங்கள் நிருபர்களும் சவரன் கணக்குக்குக் கீழே இதை ஒரு வரி எழுதலாம். ஆறு மாதம் கழித்து அந்தப் பெண்ணின் வீட்டுக்கு ஒருமுறை போய், கோலம் எங்கே போடுகிறார் என்று பார்த்தும் எழுதலாம்.

இன்னொன்று. அந்தப் பெண்ணுக்கு வயது 54 என்று போட்டுவிட்டு, தலைப்பில் 'மூதாட்டி' என்று எழுதியிருக்கிறீர்கள். வாசித்துக் காட்டினேன். "ஐம்பத்து நாலு வயதில் மூதாட்டியா? எழுதிய பிள்ளைக்கு என்ன வயதாம்?" என்று என் மனைவி கேட்கச் சொன்னாள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அஞ்சல் ஊழியர்,
தஞ்சாவூர் மாவட்டம்.
(பெயரை வெளியிட வேண்டாம்.)