அப்பப்பாவின் இரண்டு புகைகள்

அன்புள்ள தவம்,

ஏழு மாதமாக ஒரு வரியும் எழுதாதது என் பிழைதான். நேரில் வரும்போது ஏசிக்கொள். இங்கு எல்லோரும் சுகம். அக்காவின் முழங்கால் வலி குறைந்ததா?

மகனின் தொல்லை தாங்காமல் சென்ற ஞாயிறு சிட்னியின் டார்லிங் துறைமுகத்து அருங்காட்சியகத்தில் நிற்கும் 'வாம்பயர்' என்ற நாசகாரிக் கப்பலைப் பார்க்கப் போனேன். அதன் செங்குத்து ஏணியில் என் வயிற்றோடு நான் இறங்கிய காட்சிக்கு நீ இல்லாமல் போனது உன் துரதிர்ஷ்டம். 1959இல் சேவைக்கு வந்த கப்பல் அது. ஆனால் அதே பெயர் கொண்ட முந்தைய கப்பல் மூழ்கியது நம் மட்டக்களப்புக் கடலில்.

1917இல் இங்கிலாந்தில் கட்டப்பட்டு, 1933இல் அவுஸ்திரேலியாவுக்குக் கைமாறிய கிழட்டுக் கப்பல் அது. இரண்டாம் உலகப் போரில் மத்தியதரைக் கடலுக்குப் போன அதையும் அதன் நான்கு தோழர்களையும் ஜெர்மானியப் பிரசாரம் 'பழைய இரும்பு' என்று நையாண்டி செய்ய, மாலுமிகள் அந்தப் பட்டத்தையே பெருமையாகச் சூடிக்கொண்டார்கள். (நம் கிரிக்கெட் அணி நினைவுக்கு வரவில்லையா?) 1941 டிசம்பர் 10 அன்று மலாயாவுக்கு அப்பால் பிரித்தானியப் போர்க்கப்பல் 'றிபல்ஸ்' மூழ்கியபோது, எண்ணெய் படர்ந்த நீரிலிருந்து 200க்கும் மேற்பட்டோரைத் தூக்கியெடுத்ததும் இந்தப் பழைய இரும்புதான். அடுத்த மாதம் மலாயாவின் எண்டாவ் கரைக்கு அப்பால் நள்ளிரவில் ஜப்பானியக் கப்பல்களோடு மோதி, துணைக்கு வந்த பிரித்தானிய நாசகாரி 'தானெட்'டைப் பறிகொடுத்துத் தான் மட்டும் தப்பியது.

1942 ஏப்ரல் 8 இரவு, குண்டுவீச்சுக்கு அஞ்சித் திருகோணமலையை விட்டுப் பிரித்தானியக் கப்பல் 'ஹெர்மிஸ்' புறப்பட்டபோது காவலுக்குப் போனதும் இதுவே. விமானந்தாங்கியான ஹெர்மிஸில் அன்று ஒரு போர்விமானமும் இல்லை. மறுநாள் முற்பகல் ஜப்பானிய விமானங்கள் முதலில் அதை மூழ்கடித்தன. பின்பு வாம்பயர் மேல் பாய்ந்து இரண்டு துண்டாக்கின. ஹெர்மிஸில் 300க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். வாம்பயரில் பத்துப் பேருக்கும் குறைவு, ஆனால் தளபதி மோரன் அவர்களுள் ஒருவர். 'வீற்றா' என்ற மருத்துவக் கப்பல் ஏறத்தாழ 600 பேரைக் காப்பாற்றியது.

தவம், நாம் ஹெர்மிஸை மட்டுமே அறிந்து வளர்ந்தோம். கல்லடிக் கரையில் நின்றபோது கடலில் இரண்டு புகை எழுந்ததாக உன் அப்பப்பா சொல்லும் ஒவ்வொரு முறையும், கள்ளு குடித்தால் எல்லாம் இரண்டாகத்தான் தெரியும் என்று சிரித்தவன் நான். அவர் கோபிக்காமல் சுருட்டை மறுபக்கம் திருப்பிக்கொள்வார். அந்த ஏணியின் கீழே நின்றபோது எனக்கு அவர் முகம்தான் தெரிந்தது.

இரண்டாவது புகை எந்தத் திசையில் எழுந்தது என்று அவர் எப்போதாவது உன்னிடம் கை நீட்டிக் காட்டியிருந்தால், மறக்காமல் எழுது.

உன்,
குமார்