அந்த வாளியைக் குளத்தில் கொட்டாதே, தம்பி

அன்புள்ள மகன் தம்பிக்கு,

முதலில் வாளிக்கு மேல் ஒரு பலகையைப் போட்டு மூடி, நாயும் பேரனும் தொடாத இடத்தில் வைத்துவிடு. அப்புறம் உட்கார்ந்து இதைப் படி. காலையில் இரண்டு தடவை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை, வேலையில் இருந்திருப்பாய்.

நீ அனுப்பிய படத்தில் பேரன் முகம் பூரித்துப்போய் இருக்கிறது, வாளி நிறையத் தலைப்பிரட்டை. "கொல்லைக் குளத்து மீனுக்குப் பத்து நாள் தீனி, மிச்சம் தூண்டிலுக்கு" என்று கீழே எழுதியிருக்கிறாய். அவை வெறும் தலைப்பிரட்டையாக இருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லாம் மைக் கறுப்பு, எல்லாம் பொடிசு, ஒன்றோடொன்று அப்பிக்கொண்டு ஒரே கூட்டமாக இருக்கின்றன. போன வருஷம் ஆஸ்திரேலியாவில், டவுன்ஸ்வில்லில் உன் வீட்டில் நான் இருந்தபோது ராத்திரி வாசல் விளக்கடியில் வந்து உட்காருமே, கை அகலத் தேரை, நீ நாயை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துவாயே, இவை அதன் குஞ்சாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. அங்கே கேன் டோட் என்கிறார்கள். 1935-இல் கரும்பு வண்டைத் தின்னட்டும் என்று ஹவாயிலிருந்து ஏறக்குறைய நூறு தேரையைக் கொண்டுவந்து, உங்கள் ஊருக்கு வடக்கே கார்டன்வேல் பக்கம் பெருக்கி வயலில் விட்டார்கள். வண்டு கரும்புத் தோகையின் உச்சியில் இருக்கும், தேரை தரையில் இருக்கும், இரண்டும் எங்கே சந்திப்பது? வண்டு குறையவில்லை, தேரைதான் இன்னும் பரவிக்கொண்டே இருக்கிறது.

அதன் முட்டையிலிருந்தே விஷம். ஒரே தடவையில் ஆயிரக்கணக்கில் இடும், கண்ணாடிக் கயிற்றில் கறுப்பு மணி கோத்தது மாதிரி நீளமாகச் செடியில் சுற்றிக் கிடக்கும். அதைத் தின்ற மீன் சாகும், மற்றத் தவளைகளின் தலைப்பிரட்டையும் சாகும். தலைப்பிரட்டையைப் பல மீன்கள் வாயில் வாங்கியதும் துப்பிவிடும், அடுத்த தடவை கிட்டவே போகாது. ஆனாலும் நீ ஆசையாக வாங்கி விட்ட மீன்களில் எது துப்பும், எது விழுங்கும் என்று சோதித்துப் பார்க்க வேண்டாம்.

மீன் துப்புவதை நம் கொல்லையிலேயே நான் பார்த்திருக்கிறேன். உனக்கு ஏழு வயது இருக்கும், சிமெண்டுத் தொட்டி கட்டி அதில் கெண்டைக் குஞ்சு விட்டிருந்தோம். ஐப்பசி மழையில் வாய்க்கால் ஓரமெல்லாம் கருகருவென்று தலைப்பிரட்டை. ஒரு குடம் அள்ளி வந்து கொட்டினேன். மீனெல்லாம் ஓடிவந்து வாயில் வாங்கி, அதே வேகத்தில் துப்பின, ஏனென்றால் அவை நம்மூர்த் தேரையின் குஞ்சுகள். அது மட்டுமில்லை, குடத்தோடு பழுப்பாக, தடியாக நாலைந்து வந்திருந்தன. மழையில் மஞ்சளாக மாறி, தொண்டையில் நீலப் பையை ஊதிக்கொண்டு கத்துமே அந்தப் பெரிய தவளை, அதன் குஞ்சு. அது மற்றத் தலைப்பிரட்டைகளைத் தின்னும். ஒரு வாரத்தில் தொட்டியில் பாதி காலி. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்திக்கொண்டிருந்த நான், என்ன இனம் என்று ஒரு நிமிஷம் பார்க்காமல் அள்ளினேன். அது இன்றும் எனக்கு உறுத்துகிறது, உன் படத்தைப் பார்த்ததும் பதறியதும் அதனால்தான்.

தூண்டில் விஷயம் உன் தாத்தாவோடு போன வித்தை. விராலுக்குச் சின்னத் தவளையை முள்ளில் கோத்து, தாமரை இலை ஓரமாகத் தண்ணீர் மேல் தட்டித் தட்டி இழுப்பார், விரால் ‘சளக்’கென்று பாய்ந்து கவ்வும். தேரையை அவர் தொட்டதில்லை, விரால் சீந்தாது என்பார். தலைப்பிரட்டை முள்ளில் நிற்காது, இரண்டு தட்டில் கிழிந்து போகும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தவளைக்கால் வெளிநாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. வயலில் பூச்சி தின்ன ஆளில்லாமல் போகிறது என்று பலரும் சொல்லி, 1987-இல் அரசாங்கம் ஏற்றுமதியை நிறுத்தியது. இன்றைக்குத் தாத்தா இருந்து தவளையைக் கோத்தால் நானே தடுப்பேன்.

சரி, அவை தேரைக் குஞ்சு இல்லை, அந்த ஊர்த் தவளையின் குஞ்சு என்றே வைத்துக்கொள். அப்போதும் மீனுக்குப் போடாதே. அங்கே 1992-ஆம் வருஷத்துச் சட்டப்படி உள்ளூர்த் தவளைகளுக்குப் பாதுகாப்பு உண்டு. எடுத்த இடத்திலேயே விட்டுவிடு, வேறு குளத்தில் விடாதே, தூண்டிலுக்கென்று ஆற்றங்கரைக்கும் கொண்டுபோகாதே. கைட்ரிட் என்று ஒரு பூஞ்சை நோய் இருக்கிறது. பெரிய தவளைக்குத் தோலில் பிடித்துக் கொன்றுவிடும். தலைப்பிரட்டைக்கு வாய் ஓரத்தில் மட்டும் ஒட்டியிருக்கும், அதனால் பார்க்க நன்றாகவே நீந்தும், நோயை மட்டும் சுமந்துகொண்டு போகும். உங்கள் குயின்ஸ்லாந்து மாநிலத்து மலைக்காட்டில் தவளைகள் கூட்டங்கூட்டமாகச் செத்ததற்கு இந்தப் பூஞ்சைதான் காரணம் என்று 1998-இல்தான் தெரிந்தது. முட்டையை விழுங்கி, வயிற்றுக்குள்ளேயே தலைப்பிரட்டையை வளர்த்து, வாய் வழியாகக் குட்டியை வெளியே விடும் தவளை இரண்டு இனம் அங்கே இருந்தது, தெரியுமா? உலகத்தில் வேறெங்கும் இல்லாதது. 1980-களோடு இரண்டுமே இல்லாமல் போய்விட்டன. பேரனுக்கு இதைச் சொல், கதை மாதிரிக் கேட்பான்.

இன்னொன்றும் அவனுக்குப் பிடிக்கும். இந்தத் தேரைக் குஞ்சுகள் தங்கள் இனத்துப் புது முட்டையையே தின்னும், அந்த விஷ வாசனைதான் அவற்றை இழுக்கும். சிட்னி பல்கலைக்கழகத்துக்காரர்கள் அதைக் கவனித்து, தேரையின் விஷத்தையே இரையாகப் பொறியில் வைத்தார்கள். தேரைக் குஞ்சுகள் கூட்டமாக வந்து விழுந்தன, உள்ளூர்த் தவளைக் குஞ்சுகள் பெரும்பாலும் ஒதுங்கிப் போயின. தலைப்பிரட்டையை மீனுக்கு இரையாக்க நினைத்தோம், அங்கே அதற்கே இரை வைத்துப் பிடிக்கிறார்கள்.

உன் குளத்தில் அந்தக் கறுப்பு மணிக் கயிறு தென்பட்டால், கையுறை போட்டுக் குச்சியால் சுருட்டி எடுத்து, தண்ணீர் இல்லாத இடத்தில் வெயிலில் காயப் போட்டுவிடு. நுரை மாதிரியோ கட்டியாகவோ கிடப்பது உள்ளூர்த் தவளை முட்டை, அதைத் தொடாதே. மீனுக்கு மண்புழுவை நறுக்கிப் போடு, வேகவைத்த பட்டாணியைத் தோலுரித்துப் போடு. தூண்டிலுக்கும் மண்புழு போதும், இல்லையென்றால் மைதா உருண்டை.

இப்போது ஒரு வேலை செய். வாளியிலிருந்து நாலைந்தை வெள்ளைக் கிண்ணத்தில் விட்டு, மேலிருந்து ஒரு படம், கண்ணாடி டம்ளரில் விட்டு வயிறு தெரிய ஒரு படம் எடு. வயிறும் கறுப்பா, வெளுப்பா என்று பார்க்க வேண்டும். கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிரு, மூச்சு வாங்க மேலே வந்து போகிறதா என்று சொல். தேரைக் குஞ்சு அப்படி வராது. இந்த ஒரு அடையாளத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதே, எல்லாம் சேர்த்துப் பார்த்துச் சொல்கிறேன். பேரனைத் திட்டாதே, அவன் கையைச் சோப்பு போட்டுக் கழுவச் சொல். படம் வரும்வரை போனைக் கையிலேயே வைத்திருப்பேன்.

அம்மா