காலையில் வெளிக்கிடும்போது சொல்லக்கூடிய ஆங்கிலம்

கொழும்பு

அன்பான பெற்றோருக்கு,

வணக்கம். வாணி விழாவுக்காக வகுப்பறைகளை ஒழுங்குபடுத்தும் வேலை அடுத்த வாரம் தொடங்குகிறது. அதையொட்டி, தரம் 8, 9 பிள்ளைகளுக்கு ஆளையும் இடத்தையும் நேர்த்தியாக்குவதற்கான ஆங்கில வழக்குகளைப் படிப்பிக்கிறோம். இவற்றைக் கொப்பியில் எழுதிப் பாடமாக்கினால் மட்டும் போதாது. வேலை நடக்கும்போதே சொல்லிப் பழகினால்தான் மனதில் நிற்கும். அதற்கு உங்கள் உதவி வேண்டும்.

காலையில் பொத்தானைப் போடச் சொல்லும்போது "டூ அப் யுவர் பட்டன்ஸ்" என்று சொல்லுங்கள். வெளியே தொங்கும் சட்டையை உள்ளே விடச் சொல்வதற்கு "டக் யுவர் ஷர்ட் இன்". டை கோணலாக இருந்தால் "ஸ்ட்ரெய்ட்டன் யுவர் டை". வெளிக்கிட்டு நிற்கும் பிள்ளையைப் பாராட்ட "யூ லுக் ஸ்மார்ட்" போதும். இங்கே அது உடுப்பின் நேர்த்தியைத்தான் சொல்கிறது, கெட்டித்தனத்தை அல்ல.

பிள்ளைகள் அதிகம் பிழை விடும் இடம் ஒன்று உண்டு. பொருளின் பெயரைச் சொல்லாமல் 'அதை' என்று குறித்தால், 'இட்' நடுவில்தான் வரவேண்டும்: "டக் இட் இன்", "டைடி இட் அப்". இரண்டு சொல்லையும் ஒன்றாக ஒட்டிப் பாடமாக்கியதால் "டைடி அப் இட்" என்று எழுதிவிடுகிறார்கள். பெயரைச் சொன்னால் "டைடி அப் த ரூம்", "டைடி த ரூம் அப்" இரண்டுமே சரி.

அடுத்தது "ட்ரெஸ் அப்". தீபாவளிக்கோ கல்யாண வீட்டுக்கோ விசேடமாக உடுத்துவதுதான் அது. தினமும் சீருடை போடுவது "கெட் ட்ரெஸ்ட்".

சிதறிக் கிடப்பதை அடுக்கி வைப்பது "டைடி அப்". அழுக்கைப் போக்குவது "க்ளீன்". மங்கிய சுவருக்குப் பெயின்ற் அடித்து, பூச்சாடி வைத்துப் பொலிவாக்குவது "ஸ்ப்ரூஸ் அப்". "ஸ்பிக் அண்ட் ஸ்பான்" வேலை முடிந்தபின் இருக்கும் பளிச்சென்ற நிலையைச் சொல்வது: "த கிளாஸ்ரூம் இஸ் ஸ்பிக் அண்ட் ஸ்பான்". "டால் அப்" என்றால் மிகையாக அலங்கரித்துக்கொள்வது. அதை ஆசிரியைகளைப் பற்றியோ பெரியவர்களைப் பற்றியோ பேசும்போது பாவிக்க வேண்டாம். மரியாதைக் குறைவாகத் தொனிக்கும்.

ஆங்கிலம் வராது என்று தயங்க வேண்டாம். பிள்ளையையே சொல்ல விடுங்கள். 'இட்' நடுவில் வருகிறதா என்று மட்டும் காது கொடுத்துக் கேளுங்கள்.

திங்கட்கிழமை ஒவ்வொரு பிள்ளையிடமும் மேசை துடைக்கப் பழைய பருத்தித் துணி ஒன்றைக் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
அதிபர்