மதிலுக்கு உள்ளே வளர்ந்தவர்

திருநகர், மதுரை

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் பங்குனி உத்திரத்தன்று கைக்கு வந்தது. தங்கச்சிக்கு மூச்சிரைப்பு குறைந்திருக்கிறது என்ற வரியைப் பார்த்த பிறகுதான் மற்றதைப் படிக்க மனம் வந்தது. இங்கே எல்லோரும் சுகம். வெயில்தான் பங்குனியிலேயே மண்டையைப் பிளக்கிறது. வைகையில் மணல் கூடக் கண்ணில் படவில்லை, முழுக்கச் சீமைக்கருவேலம்.

டாலிகஞ்சில் காலை நடைக்குப் போகும் வழியில் நீண்ட மதில் ஒன்று, அதற்கு அப்பால் புல் வெட்டும் இயந்திரத்தின் சத்தம், வெட்டிய புல்லின் வாசனை, கால் நகராமல் அப்படியே நின்றுவிட்டேன் என்று எழுதியிருந்தாய். அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நீ நின்றது ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பின் மதிலாகத்தான் இருக்க வேண்டும். 1829இல் தொடங்கிய கிளப் அது. பிரிட்டிஷ் தீவுகளை விட்டால் உலகத்திலேயே பழையது. அந்த மதிலுக்கு உள்ளே, புல் பராமரித்தவர் ஒருவரின் மகன் வளர்ந்த கதை உனக்குத் தெரியுமா? பத்து நாளாக நான் அவர் நினைப்பாகவே இருக்கிறேன்.

எஸ்.எஸ்.பி. சௌரசியா. 1978இல் பிறந்தவர். அப்பா அங்கே கிரீன்களை, அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரைகளை, கவனித்துக்கொண்டவர். பையன் நம்மைப் போலவே ஆடுகிறவர்களின் மட்டைப் பையைத் தூக்கும் கேடியாக இருந்திருக்கிறார். பயிற்சியாளர் என்று யாரும் இல்லை. விளையாட வந்தவர்களின் தோளையும் மணிக்கட்டையும் பார்த்துப் பார்த்துத் தானாகவே கற்றுக்கொண்டு, 1997இல் தொழில்முறை ஆட்டக்காரர் ஆகிவிட்டார். ஆள் ஒல்லி. தூரமாக அடிப்பதில் மற்றவர்கள் அவரைத் தாண்டிப் போய்விடுவார்கள். ஆனால் பந்து கிரீனுக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் ஆட்டம் அவருடையது. கிரீனுக்கு வெளியிலிருந்து சின்னதாகத் தூக்கி அடிக்கும் சிப், குழியை நோக்கி உருட்டிவிடும் பட், இரண்டிலும் அப்படி ஒரு கை. அதனால் கூட ஆடுகிறவர்கள் ‘சிப்பட்சியா’ என்றே பெயர் வைத்துவிட்டார்களாம். படித்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. புல்லோடு வளர்ந்த பிள்ளைக்கு வேறு எதில் கை தேறும்?

உடனே என் அப்பா நினைவுதான் வந்தது. கோடைக்கானல் மைதானத்தில் விடியுமுன் இரண்டு ஆள் நீள மூங்கில் கழியை எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு, கிரீன் மேல் விழுந்த பனியைத் தட்டுவாரே. கழி வளைந்து புல் நுனியை வருடிக்கொண்டு போகும், பின்னாலேயே நீர்த்துளிகள் புகை மாதிரி எழும். முழுக்கத் தட்டி முடித்த பிறகு ஓர் இடத்தில் பாதத்தை அழுத்தி வைத்து, கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். “இன்னைக்குப் பந்து ஓடாது” என்று ஒரே வார்த்தை. நீ அதைக் கேட்டுக்கொண்டு போய், “சார், கொஞ்சம் அழுத்தித் தட்டுங்க” என்று சொல்லி எட்டணா கூடுதலாக வாங்கி வருவாய். அதில் பாதி எனக்கு.

சௌரசியாவுக்கு வருகிறேன். 2008இல் டெல்லியில் நடந்த இந்தியன் மாஸ்டர்ஸ், ஐரோப்பியத் தொழில்முறைச் சுற்றில் சேர்ந்த போட்டி. எர்னி எல்ஸ் போன்ற உலகப் புகழ் ஆட்டக்காரர்களும் வந்து ஆடினார்கள். வென்றது இவர். பரிசு நான்கு லட்சம் டாலருக்கு மேல். 2011இல் டெல்லிக்குப் பக்கத்தில் இன்னொரு பட்டம். ஆனாலும் நம் நாட்டின் இந்தியன் ஓப்பன் மட்டும் கைக்கு எட்டவே இல்லை. 1999இல் இரண்டாவது இடம். 2006இல் இரண்டாவது. 2013இல் இரண்டாவது. 2015 இருக்கிறதே, அதை நினைத்தால் எனக்கே வயிற்றைப் பிசைகிறது. கடைசி நாள் காலையில் இவர் முன்னிலையில் நிற்கிறார். இன்னொரு இந்திய ஆட்டக்காரர் அனிர்பன் லாஹிரி ஏழு அடி பின்னால், அதாவது மட்டையால் ஏழு முறை கூடுதலாக அடித்திருந்தார். மாலைக்குள் இருவரும் சமம். கூடுதலாக ஆடிய முதல் குழியிலேயே கோப்பை லாஹிரிக்குப் போய்விட்டது. அன்றிரவு அந்த மனிதர் எப்படித் தூங்கினாரோ!

மறு வருஷம் அதே டெல்லி மைதானம், அதே லாஹிரி. இந்த முறை இரண்டு அடி வித்தியாசத்தில் இவர் வென்றார். முதல் தடவை இரண்டாவதாக வந்து பதினேழு வருஷம் ஆகியிருந்தது. 2017இல் குருகிராமில் மறுபடியும் வென்றார், ஏழு அடி வித்தியாசம்! ஒலிம்பிக்கில் 112 வருஷம் கழித்து கோல்ஃப் திரும்பி வந்தபோது, 2016 ரியோவில் இந்தியாவுக்காக லாஹிரியும் இவரும் சேர்ந்து போனார்கள். இவருக்கு முன்பே 1991இல் இந்தியன் ஓப்பனை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அலி ஷேரும் டெல்லியில் பை தூக்கிய பிள்ளைதான்.

இதையெல்லாம் உனக்கு ஏன் எழுதுகிறேன் தெரியுமா? “அடுத்தவன் ஆடுவதற்கு நீ ஏன் புல் வெட்டுகிறாய்” என்று பதினேழு வயதில் அப்பாவைக் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. அவருக்கும் ஆட ஆசை இருந்ததா என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும், மாப்பிள்ளை. ஒரு மழைக்காலத்தில், மைதானத்தில் யாருமே இல்லாத மாலையில், உடைந்த மட்டையின் இரும்பைக் கொய்யாக் கம்பில் செருகிக் கட்டி அவர் ஒரு பந்தைத் தட்டினாரே, வேலிக்கு இந்தப் பக்கம் நாம் இருவரும் குந்தியிருந்து பார்த்தோமே, நினைவிருக்கிறதா? பன்னிரண்டு அடி தூரம் இருக்கும். பந்து மேட்டில் ஏறி, இடப்பக்கம் சாய்ந்து, குழியின் விளிம்பில் ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே விழுந்தது. எடுத்து வேட்டியில் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மறுபடி குனிந்து புல்லில் களை பிடுங்கப் போய்விட்டார். சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு நீ எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாய். அவர் முகம் உனக்குத் தெரிந்திருக்கும். அடுத்த கடிதத்தில் அதை மட்டுமாவது எழுது.

சித்திரைத் திருவிழாவுக்கு இருவரும் வந்துவிடுங்கள். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்த்துவிட்டு, கூட்டம் குறைந்ததும் வத்தலக்குண்டு வழியாகக் கோடைக்கு பஸ் ஏறுவோம். தூண் பாறைக்குப் போகும் சாலையில்தானே மைதானம், நடந்தே போய்விடலாம். காலை ஆறு மணிக்குள் போனால் பனி காய்ந்திருக்காது. தங்கச்சிக்குக் குளிர் ஆகாது, தடித்த கம்பளியாக எடுத்து வா.

உன்,
மச்சான்