குழந்தை நலப் பணியாளர்களுக்கு எப்போது பயிற்சி?

ஆசிரியருக்கு வணக்கம்.

பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளைகளின் விஷயத்தில் மாவட்டத்தில் முடிவெடுக்கிற குழந்தைகள் நலக் குழு உறுப்பினர்களுக்கு, குழுவை அமைக்கும் அறிவிக்கை வெளியான இரண்டு மாதத்துக்குள் அறிமுகப் பயிற்சி தரவேண்டும் என்கிறது 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம். சரி, ஆனால் குழந்தை முதலில் பார்ப்பது அவர்களையா? குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழைப்பு வந்ததும் ராத்திரியில் பேருந்து நிலையத்துக்கு ஓடுகிறவர், குழந்தைகள் இல்லத்தில் கூடவே இருக்கிற பராமரிப்பாளர், வீடு தேடிப்போய், பிள்ளையின் குடும்பச் சூழலை விசாரித்துச் சமூக விசாரணை அறிக்கை எழுதுகிறவர், இவர்களைத்தானே. பெரும்பாலும் ஒப்பந்த வேலை வேறு.

பயிற்சி என்று கூப்பிட்டால் காலையில் குத்துவிளக்கு, அப்புறம் திரையில் சட்டப் பிரிவுகள் ஓடும், மதியம் சாப்பாடு, சாயங்காலம் சான்றிதழோடு குரூப் போட்டோ. பாதிக்கப்பட்ட பிள்ளையிடம் "அப்புறம் என்ன நடந்துச்சு?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும், "மாமா தொட்டாரா?" என்று பதிலை நாமே வாயில் போடக்கூடாது என்பதெல்லாம் திரையைப் பார்த்து வராது, ஒருவர் பிள்ளையாக நடித்து, இன்னொருவர் கேட்டு, அனுபவசாலி பக்கத்திலிருந்து திருத்தினால்தான் வரும். பிள்ளையிடம் வாக்குமூலம் வாங்கும் போலீஸ் சீருடையில் இருக்கக்கூடாது என்கிறது, பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 24-ஆம் பிரிவு. கேட்கிற தோரணை ஸ்டேஷன் தோரணையாகவே இருந்தால் சட்டையை மாற்றி என்ன பயன்?

புதிதாகச் சேருகிறவரை முதல் சில மாதம் மூத்த பணியாளரோடு அனுப்புங்கள். மாதம் ஒருமுறையாவது மனநல ஆலோசகரோடு உட்கார்ந்து, கையில் இருக்கும் வழக்குகளைப் பேச விடுங்கள். நாள் முழுக்க இந்தக் கொடுமைகளைக் கேட்டுவிட்டு ராத்திரி சோறு இறங்காமல் இருக்கிறவர்கள் அவர்கள். பயிற்சி நாளுக்குச் சம்பளத்தைப் பிடிக்காமல், பயணப்படியும் கொடுங்கள்.

- ஒரு வாசகர், மதுரை