மருந்து வாங்கும் முன்: எங்கள் ஊர்ப் பாசனதாரர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

சங்கத் தலைவர் அவர்களுக்கும், எனக்குப் பெரியப்பா, மாமா, அண்ணன், தம்பி முறையாகும் மற்ற எல்லாருக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் நடந்த கூட்டத்தில் நானும் இருந்தேன், கடைசி வரிசையில். எலி விஷயம் வந்தபோது பேசலாம் என்று எழுந்தேன். சரியாக அந்த நேரம் பார்த்து டீ வந்துவிட்டது. டம்ளரைக் கீழே வைப்பதற்குள் தீர்மானம் போட்டாயிற்று. ஏக்கருக்கு இவ்வளவு என்று வசூல் செய்து மொத்தமாக எலி மருந்து வாங்குவது, சம்பா கதிர் வாங்கும் சமயத்தில் எல்லாருக்கும் பிரித்துக் கொடுப்பது. அது போதாது என்பவர்கள் வரப்பைச் சுற்றிக் கரண்டுக் கம்பி இழுத்துக்கொள்வது அவரவர் சாமர்த்தியம். இந்தக் கடைசி விஷயம் தீர்மானப் புத்தகத்தில் ஏறவில்லை, சிரிப்போடு போய்விட்டது. ஆனாலும் எல்லார் காதிலும் விழுந்தது.

எலிக்குப் பரிந்துகொண்டு நான் வரவில்லை. மூன்று ஏக்கர் வைத்திருக்கிறேன், அதுவும் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில். போன தாளடியில், அதாவது குறுவைக்கு அடுத்த போகத்தில், வரப்பில் நின்று பார்த்தவரை பயிர் பச்சைப் பசேல் என்றிருந்தது. உள்ளே இறங்கினால் நடுவயலில் பாய் விரித்த அளவுக்கு மொட்டை, அங்கே ஒன்று, இங்கே ஒன்று. தூரை அரிவாள் வைத்துச் சீவியதுபோல் சாய்வாக வெட்டிப் போட்டிருந்தது. வளையைத் தோண்டியபோது உள்ளே கதிர் கதிராக அடுக்கி வைத்திருந்ததைக் கண்டு, நம் களத்தில்கூட இவ்வளவு ஒழுங்கு கிடையாதே என்று நினைத்துக்கொண்டேன். ஆக, எலியைப் பிடித்தே ஆகவேண்டும். எப்போது, எதைக் கொண்டு, யாரை வைத்து என்பதில்தான் எனக்கும் சங்கத்துக்கும் வழக்கு.

முதலில் காலம். கதிர் வாங்கும்போது மருந்து என்கிறீர்கள். அப்போது வயல் முழுக்கப் பால் கட்டிய நெல். அதை விட்டுவிட்டு நீங்கள் பொட்டலம் கட்டி வைத்த அரிசியை எந்த எலி தேடி வரும்? வரப்பெலி ஏறக்குறைய மூன்று வாரத்தில் குட்டி போடும், ஈட்டுக்கு ஆறேழு. பயிர் சூல் கட்டும்போது அதுவும் சூல் கட்டும். நாம் கதிரைப் பார்த்துவிட்டுக் கிளம்பும் நேரத்தில் அது பேரன் பேத்தி எடுத்திருக்கும். இப்போது வைகாசி. உளுந்து, பயறு எல்லாம் எடுத்தாயிற்று, வயலில் தின்ன ஒன்றுமில்லை, எலி வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் திடலிலும் ஒண்டிக் கிடக்கிறது. மேட்டூர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. தண்ணீர் நம் மதகுக்கு வந்து சேர்வதற்குள் இருக்கிற நாட்கள்தான் பொன்னான நாட்கள். இப்போது பிடிக்கும் ஒரு எலி, ஐப்பசியில் ஒரு கும்பல்.

அடுத்து ஆயுதம். நம் மாவட்டத்தின் பெயரையே தாங்கி, தஞ்சாவூர் கிட்டி என்று பாடப் புத்தகம் வரைக்கும் போயிருக்கிற சாமானை நாம் பரணில் போட்டுவிட்டு, மருந்துக் கடையில் வரிசையில் நிற்கிறோம். உங்களில் பலருக்குக் கிட்டி தெரியும். இளசுகளுக்காகச் சொல்கிறேன். மூங்கில் பத்தையை வில்லாக வளைத்து, நாண் கட்டி, அதை இழுத்து ஒரு சின்னக் குச்சியில் தடுத்து வைப்பது. இரை அந்தக் குச்சியில் இருக்கும். எலி இரையை இழுத்தால் குச்சி நழுவும், வில் தெறிக்கும், கழுத்து மாட்டும். அவ்வளவுதான் பொறி. வைக்கிற இடத்தில்தான் வித்தை இருக்கிறது.

அதைப் பார்க்கவேண்டும் என்றே போன தாளடியில் கிட்டிக்காரத் தாத்தாவோடு இரண்டு நாள் அலைந்தேன். முதல் நாள் அவர் கிட்டியையே கொண்டு வரவில்லை. சாயங்காலம் வரப்பு முழுக்க நடந்து, கண்ணில் பட்ட வளை வாயையெல்லாம் குதிகாலால் மண்ணைத் தள்ளி மூடிக்கொண்டே போனார். நான் பின்னாலேயே எண்ணிக்கொண்டு போனேன், முப்பத்தொன்று. மறுநாள் விடிந்து போய்ப் பார்த்தால் ஒன்பதுதான் திறந்திருந்தது, வாயில் ஈர மண் குவிந்து கிடந்தது. “இந்த ஒன்பதுதாம்மா வீடு. மத்ததெல்லாம் பாழடைஞ்சது,” என்றார். மருந்து வைக்கும் நாம் முப்பத்தொன்றுக்கும் வைத்திருப்போம்.

அன்று சாயங்காலம் நாலு மணிக்குக் கிட்டிக் கட்டோடு வந்தார். கையைச் சேற்றில் தேய்த்துக்கொண்டு, கிட்டியையும் சேற்றில் ஒரு புரட்டுப் புரட்டினார். மனுஷ வாடை போகவேண்டுமாம். வறுத்த அரிசி மாவும், உடைத்த வயல் நண்டும் இரை. நண்டு எதற்கு என்று கேட்டேன். வயலில் நெல் இருக்கும்போது நெல்லைக் காட்டிக் கூப்பிட்டால் எவன் வருவான் என்று திருப்பிக் கேட்டார். எலித்தடம் என்பது கண்ணுக்கு லேசில் அகப்படாது. குனிந்து வெயிலுக்கு எதிராகப் பார்த்தால், புல் ஒரு விரற்கடை அகலத்துக்குப் படிந்து வழவழவென்று போகும். கிட்டியின் வாய் அந்தத் தடத்தைப் பார்த்து இருக்கவேண்டும். தண்ணீர் நிற்கிற இடத்தில் ஒரு கை சேற்றை அள்ளி மேடு கட்டி அதன்மேல் வைத்தார். நானும் ஒன்றை வைத்துப் பார்க்கிறேன் என்று வாங்கினேன். நாண் தெறித்துக் கட்டைவிரலில் விழுந்தது. நகம் கறுத்து விழுந்து புது நகம் முளைப்பதற்குள் அறுவடையே வந்துவிட்டது. அதனால் பழகுகிறவர்கள் முதலில் இரை வைக்காமல், குச்சியை மாட்டவும் கழற்றவும் பத்து முறை செய்து பாருங்கள்.

நாற்பது கிட்டியில் முதல் ராத்திரி பதினேழு. நாலாம் ராத்திரி மூன்று. எலிக்கு இருபத்தைந்து ரூபாய் பேசியிருந்தேன், எலியும் அவருக்கே. அந்தக் கறி அவர் வீட்டுச் சாப்பாடு. அதில் முகம் சுளிக்க ஒன்றுமில்லை. நாம் மருந்து வைத்துக் கொன்ற எலியை அவர் வீட்டில் உலையேற்ற முடியாது என்பதையும் தீர்மானம் போடும்போது யாராவது யோசித்திருக்கலாம்.

ஆனால் உண்மையைச் சொல்லவேண்டும். பத்து நாள் கழித்து எனக்கு மறுபடி எலி வந்தது, மேலண்டை வயலிலிருந்து. அந்த வயல்காரர் ஒன்றும் செய்யவில்லை, அவரும் இந்தச் சங்கத்தில்தான் இருக்கிறார், கோபித்துக்கொள்ள மாட்டார். தனியாக ஒருத்தி கிட்டி வைப்பது ஆற்றில் ஒரு பக்கம் மட்டும் கரை போட்டதுபோல. ஒரே வாரத்தில் வடக்கு வாய்க்கால் முழுக்க வைத்தால்தான் வேலைக்காகும். அதற்குத்தானே சங்கம்?

மருந்தைப் பற்றி. கூடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சிங்க் பாஸ்பைடு என்கிற கறுப்புத் தூள் எலி வயிற்று அமிலத்தில் பட்டதும் பாஸ்பைன் வாயுவாகிக் கொல்கிறது. வேகமான மருந்துதான். குறையத் தின்று பிழைத்த எலி, அந்த ருசியை மறக்காது, அப்புறம் அந்தப் பக்கமே வராது. அதனால்தான் மருந்து கலக்காத இரையை முதலில் இரண்டு நாள் வைத்துப் பழக்கச் சொல்கிறார்கள். நம் ஊரில் பழக்கியவர் யாரேனும் இருந்தால் கை தூக்குங்கள். புரோமடயலோன் கட்டி வேறு விதம். ரத்தம் உறையாமல் செய்து சில நாள் கழித்துத்தான் சாகடிக்கும். அதுவரை தள்ளாடித் திரியும் எலியைக் கூகை தூக்கினால், மருந்து அதன் வயிற்றுக்கும் போகும். மஞ்சள் பாஸ்பரஸ் பசையை அரசே தடை செய்துவிட்டது, யார் வீட்டுப் பரணிலாவது பழைய டியூப் இருந்தால் பிள்ளைகள் கையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கிட்டிக்கும் அடங்காத வளை இருந்தால், வளைக்குள்ளே மட்டும் மருந்து வைத்து வாயை மூடுங்கள். வரப்பில் தூவாதீர்கள். மயில் அள்ளித் தின்றுவிட்டுப் போகும், அப்புறம் பதில் சொல்லவேண்டியது நாம்.

கம்பி விஷயத்துக்கு வருகிறேன். சிரித்தவர்கள் கொஞ்சம் கேளுங்கள். நாலு வருஷத்துக்கு முன்பு, ஊர் பேர் வேண்டாம், ஒருவர் எலிக்காக வரப்பில் கம்பி இழுத்துக் கரண்டு விட்டிருந்தார். என் வீட்டுக்காரர் ராத்திரி பத்து மணிக்கு மோட்டார் போடப் போனார். எங்கள் நாய் எப்போதும் போல நாலடி முன்னால் ஓடியது. டார்ச் வெளிச்சத்தில் அது ஒருமுறை துள்ளி விழுந்ததைப் பார்த்து இவர் நின்றுவிட்டார். அந்த நாலடிதான். அன்றைக்கு நாய் வீட்டிலேயே படுத்திருந்தால் நான் இந்த மடலை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். ராத்திரியில் தண்ணீர் கட்டப் போகிற ஊரில், ஈர வரப்பில், ஒரு எலிக்காக இப்படி ஒரு காரியம். திருட்டுக் கரண்டு குற்றம், அதில் ஆள் செத்தால் அதைவிடப் பெரிய குற்றம். இதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: எங்கள் வாய்க்காலில் கம்பி கிடையாது.

இன்னொன்று, இது இளசுகளுக்கு. துபாயிலிருந்து வந்திருக்கும் என் அக்கா மகன் கைப்பேசியில் ஒரு வீடியோ காட்டினான். அமெரிக்காவில் பனியில் ஒருவர் இரும்புக் கால்பொறி வைக்கிறார், ரக்கூன், மஸ்க்ராட், பீவர் எல்லாம் பிடித்துத் தோலை உரித்து விற்கிறார். “சித்தி, நம்ம வாய்க்காலில் நரி, கீரி வருதே, ஒன்று வாங்கிப் போடலாமா?” என்கிறான். அங்கே அதற்கு உரிமம் உண்டு, இந்த மாதம் முதல் இந்த மாதம் வரை என்று பருவம் உண்டு, பல மாநிலங்களில் வகுப்பில் உட்கார்ந்து பாடம் படித்துவிட்டுத்தான் பொறியைத் தொடவே முடியும். அது அவர்கள் நாட்டுச் சட்டம். இங்கே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், வேட்டை என்றால் சுடுவது மட்டுமில்லை. கண்ணி வைப்பது, பொறி வைப்பது, இரை காட்டி இழுப்பது, முயன்று பார்ப்பதுகூட வேட்டைதான். நரி, கீரி, காட்டுப்பூனை, மரநாய், நீர்நாய், மயில் எல்லாமே அதன் பாதுகாப்பில் இருக்கின்றன. மயிலைப் பிடித்தால் குறைந்தது மூன்று ஆண்டு சிறை. கீரி முடியில் செய்த தூரிகையை விற்றால்கூட வழக்கு. எலி, சுண்டெலி, காக்கை, பழந்தின்னி வௌவால் ஆகியவற்றைத் தொல்லை உயிர் என்று பட்டியல் போட்ட அட்டவணை, 2022 திருத்தத்தில் எடுக்கப்பட்டு 2023 ஏப்ரலிலிருந்து இல்லை. ஆனாலும் நம் வயல் எலி பாதுகாப்புப் பட்டியலில் ஏறவில்லை, அதைப் பிடிக்க யாரிடமும் அனுமதி கேட்கவேண்டாம். காட்டுப்பன்றிக்கு 2025 ஜனவரியில் அரசு ஒரு வழி திறந்தது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் சுடலாம், அதுவும் வனத்துறை ஆட்கள்தான் சுடவேண்டும். நாம் வெடியோ சுருக்கோ வைக்க அதில் இடமில்லை.

சட்டம் கிடக்கட்டும். நரியும் கீரியும் காட்டுப்பூனையும் ராத்திரியும் பகலும் நம் வயலில் தின்பது எதை? சாரைப்பாம்பு வளைக்குள் புகுவது எதற்கு? கூலி கேட்காத ஆட்களை விரட்டிவிட்டு, கூலி கொடுத்து ஆள் தேடுகிறோம். நீர்நாய் வலையைக் கிழிக்கிறது என்று மீன் பிடிக்கிறவர்கள் சொல்வது எனக்கும் தெரியும், அது அவர்கள் நஷ்டம், அதை லேசாகப் பேச மாட்டேன். ஆனால் அதன் தோலுக்கு விலை உண்டு என்று யாராவது காதில் ஓதினால் ஆளை விடுங்கள். கூகையைச் சாவுக்குருவி என்று கல்லெறிகிறோம். குஞ்சு இருக்கும் காலத்தில் ஒரு ஜோடி ஒரே ராத்திரியில் எத்தனையோ எலி தூக்கும். தென்னை மட்டையை ஆங்கில எழுத்து டி (T) மாதிரி கட்டி, நடவு முடிந்ததும் வயலில் ஊன்றி வையுங்கள், அதில் உட்கார்ந்து பார்க்கும். நெல் முற்றும்போது மட்டும் பிடுங்கிவிடுங்கள், இல்லையென்றால் பகலில் குருவி வந்து உட்காரும்.

கிட்டியையும் விடியும் முன் எடுத்துவிடவேண்டும். வெயில் ஏறிய பிறகு கிடந்தால் கீரியோ மயிலோ வந்து மூக்கை நுழைக்கும். செத்த எலியை வெறுங்கையால் தொடாதீர்கள். உறை இல்லையென்றால் பாலித்தீன் பையையாவது மாட்டிக்கொள்ளுங்கள். எலி மூத்திரம் கலந்த தண்ணீர் காலில் உள்ள வெடிப்பு வழியாகப் போனாலே எலிக்காய்ச்சல் வரும். கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, காய்ச்சல் என்று ஓரிரு வாரத்தில் வந்தால், டாக்டரிடம் முதல் வார்த்தையாக “எலி பிடித்தேன்” என்று சொல்லுங்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான். மருந்துக்கு வசூலிக்கிற பணத்தில் பாதியைக் கிட்டிக்கு ஒதுக்குங்கள். கிட்டிக்காரத் தாத்தாவுக்கு முன்பணம் கொடுத்து, ஊரில் ஆறு இளசுகளுக்குக் கட்டவும் வைக்கவும் சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்கள். அவருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது, அவர் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். வரப்பைச் செதுக்கி அகலத்தைக் குறைக்கும் வேலையையும் இதோடு சேருங்கள், அகன்ற வரப்பு எலிக்கு மாடி வீடு. தண்ணீர் வருவதற்குள் ஒரு வாரம், நடவுக்கு அப்புறம் ஒரு வாரம், இரண்டு முறையும் வாய்க்கால் முழுக்க ஒரே நாளில் தொடங்கவேண்டும். மேலண்டை வயல்காரரும்தான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு வடக்கு வாய்க்கால் மதகடியில் தாத்தா வளை மூட வருகிறார், நான் பேசிவிட்டேன். வருகிறவர்கள் மண்வெட்டி கொண்டு வாருங்கள். டீ நான் வாங்கித் தருகிறேன், பேசி முடித்த பிறகு.

இப்படிக்கு,
கடைமடை மூன்று ஏக்கர்க்காரி