சிரட்டை, மரக்கட்டை வேலை செய்பவர்கள் கவனத்துக்கு

வணக்கம். போன வாரம் பகிர்ந்த சிரட்டை விளக்குப் படங்களைப் பார்த்துப் பலர் செய்முறை கேட்டிருந்தீர்கள். சிரட்டையை ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்தால் நார் எளிதாக உரிந்துவரும். நன்றாகக் காயவிட்டு முதலில் 80 எண் உப்புத்தாள், அடுத்து 150, கடைசியில் 320 எனத் தேயுங்கள் (எண் கூடக்கூடத் தாள் நைசாகும்). அவசரப்பட வேண்டாம், பளபளப்பு அந்தக் கடைசித் தாளில்தான் இருக்கிறது. தூசி ரொம்ப நைசாக இருக்கும், முகக்கவசம் கட்டாயம். உள்ளே மெழுகுவத்தி வேண்டாம், சிரட்டை தீப்பிடிக்கும். சின்ன எல்இடி போதும்.

கடலோரம் ஒதுங்கிய கட்டை என்றால் நல்ல தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைத்து உப்பை இறக்குங்கள். அப்புறம், கட்டைக்கு மெருகேற்றப் பூசும் ஆளிவிதை எண்ணெய் தொட்ட துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும். விரித்துக் காயப்போடுங்கள்.

செய்ததைக் கோணலாக வந்தாலும் சரி, இங்கே போடுங்கள்.